நேற்று வைத்த குழம்பு

கூட்டத்தில் பேச அழைப்பவர்கள் தேதி உறுதியானதும் ஒன்று கேட்பார்கள். "உங்களைப் பத்தி நாலு வரி அனுப்புங்க மேடம், பேனர்ல போடணும்." அனுப்பத் தாமதமானால் அவர்களே எழுதிக்கொள்வார்கள்: 'பல நாடுகள் சுற்றிய உணவு ஆர்வலர், எழுத்தாளர்.' இதில் எதுவும் பொய்யில்லை. சுற்றியிருக்கிறேன், சாப்பாடு பிடிக்கும், அதைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறேன். ஆனாலும் மேடையில் ஒருவர் அதை மைக்கில் வாசிக்கும்போது, வேறு யாரோ ஒரு பெண்மணியை அழைக்கிறார்கள், அவர் எழுந்து வரட்டும் என்று தோன்றும்.

இதைக் கூச்சம் என்று நினைத்துவிட வேண்டாம். பேனரில் பெயர் பெரிதாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். என் சங்கடம் அந்த நாலு வரி சொல்லாமல் சொல்லும் சேதியில் இருக்கிறது. நிறைய ஊர்களில் சாப்பிட்டவளுக்குச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் தெரியும், ஒரே ஊரில் இருந்து ஒரே அடுப்பில் சமைத்தவருக்கு அவ்வளவு தெரியாது என்று அது சொல்கிறது. கேட்பவர்கள் நம்பினால் போகட்டும் என்று விட்டுவிடலாம். சமைப்பவர்களும் நம்பிவிடுகிறார்கள். நம்பிய அந்த நிமிடமே அவர்கள் சமையல் மாறிவிடுகிறது.

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துக்குத் தோழியோடு போயிருந்தேன். அவளுடைய பெரியம்மா மகள் வீடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை பிடித்துவிட்டது. நேற்று வைத்த மீன்குழம்பை மண்சட்டியில் சுண்டவைத்துக்கொண்டிருந்தார்கள். புளியும் காரமும் ஒன்றோடொன்று சண்டையை முடித்துக்கொண்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதந்து, சட்டி விளிம்பில் குழம்பு கருஞ்சிவப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்குமே, அந்தப் பதம். எந்த ஹோட்டல் மெனுவிலும் இதைப் பார்க்க முடியாது. ஹோட்டல்காரரிடம் நேற்றைய குழம்பு என்று ஒன்று இருக்கக் கூடாது, இருந்தாலும் வெளியே சொல்லக் கூடாது.

தோழி சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, இவங்க யாரு தெரியுமா? நாடு நாடாப் போய்ச் சாப்பிட்டு எழுதுறவங்க" என்றாள். அந்த அக்கா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனார். சட்டியை இறக்கித் தட்டுப் போட்டு மூடும் சத்தம் கேட்டது. பின்வாசல் வழியாகப் பையன் சைக்கிளில் பறந்தான். சற்று நேரத்தில் புரோட்டாவும் சிக்கன் 65ம் பார்சலில் வந்து இறங்கின.

"அக்கா, அந்த மீன்குழம்பு கொஞ்சம் ஊத்துங்களேன்."

"அய்யே, அது நேத்து வச்சதும்மா. அதையா உங்களுக்கு ஊத்துறது? நாளைக்கு நீங்க பேப்பர்ல எழுதுனா எங்க மானம் என்னாகுறது?"

எவ்வளவு கெஞ்சியும் கிடைக்கவில்லை. நூல் சுற்றிய சால்னா கவரைப் பிரித்து அவர் ஊற்ற ஊற்ற, வாசனையை மட்டும் முகர்ந்தபடி கடைப் புரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். தோழியின் சித்தி மகளாகவோ கூட வேலை பார்ப்பவளாகவோ போயிருந்தால் குழம்பு கிடைத்திருக்கும்.

இதைக் கிராமத்து வெகுளித்தனம் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. நியூயார்க்கிலும் இதே கதைதான். 1993இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு உணவக விமர்சகராக வந்தார் ரூத் ரைஷல். பெரிய உணவகங்களில் அவர் படத்தைச் சமையலறையில் ஒட்டிவைத்துக் காத்திருந்தார்கள். அவரும் விக் வைத்து, உடையை மாற்றி, பெயரை மாற்றிக்கொண்டு போனார். லெ சர்க் என்ற புகழ்பெற்ற உணவகத்துக்கு யாரும் கண்டுகொள்ளாத ஒரு நடுத்தர வயதுப் பெண்ணாகப் போனபோது காக்கவைத்தார்கள், ஏனோதானோவென்று பரிமாறினார்கள். விமர்சகர் என்று தெரிந்து போனபோது, ஸ்பெயின் அரசர் பாரில் காத்திருக்கிறார், உங்கள் மேசை தயார் என்று வரவேற்பு. தட்டில் இருந்த ராஸ்பெர்ரிப் பழங்கள்கூடப் பெரிதாகிவிட்டனவாம். இரண்டு அனுபவங்களையும் ஒரே விமர்சனத்தில் அடுத்தடுத்து எழுதி, அந்த உணவகத்தின் நான்கு நட்சத்திரங்களில் ஒன்றைக் குறைத்தார்.

அவருக்குப் பெரிய பழம், எனக்குக் கடைப் புரோட்டா. இரண்டும் ஒரே மரியாதையின் இரண்டு வடிவங்கள். சிவகங்கை அக்கா செய்ததில் அன்பும் சேர்ந்திருந்தது என்பதுதான் வித்தியாசம். அதனால் கோபப்படவும் வழியில்லாமல் போனது.

விக் வைத்துக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி எந்த விக்குக்கும் அடங்காது. யாரென்று தெரியாமல் போய் உட்கார்ந்தாலும் பயணி சாப்பிடுவது அங்கே முதல் வாய். பெரும்பாலும் அதுவே கடைசி வாயும். முதல் வாயில் நாக்கு புதியதை மட்டும்தான் கவனிக்கும், அதையும் உடனே பழக்கமான ஒன்றோடு கட்டிப்போட்டுவிடும். 'நம்ம ஊர் ஆப்பம் மாதிரி', 'நம்ம ரசத்துல மீன் போட்ட மாதிரி.' எந்த ஊருக்குப் போனாலும் தமிழர் வாயிலிருந்து முதலில் வருவது இந்த 'மாதிரி'தான். என் கட்டுரைகளிலும் அதற்குக் குறைவில்லை.

எத்தியோப்பியாவின் இஞ்செராவைச் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். டெஃப் என்ற மிகப் பொடித் தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்கவைத்து, அகலமான கல்லில் ஊற்றி, திருப்பிப் போடாமல் ஒரு பக்கம் மட்டுமே வேகவிடுவார்கள். மேலெல்லாம் கண் கண்ணாக இருக்கும். அடிஸ் அபாபாவில் ஒரு சின்னக் கடையில் என் முன்னால் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு அது வந்தது. அதன் மேல் சிவக்கச் சிவக்க மசூர் பருப்பு, கடலைமாவில் கிண்டிய ஷீரோ, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட் என்று குவியல் குவியலாக வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவில் இப்படி ஒரு சைவ விருந்தா என்று எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்தேன். கடைக்கார அம்மா என் உற்சாகத்தைப் புரியாமல் பார்த்துவிட்டு, "இன்று புதன்கிழமை" என்றார்.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். இறைச்சி, பால், முட்டை கிடையாது. ஈஸ்டருக்கு முன்னால் தொடர்ந்து 55 நாள் விரதம் வேறு. எல்லாம் கூட்டினால் ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் இந்தச் சாப்பாடுதான். நான் விருந்து என்று கொண்டாடிய தட்டு அவர்களுக்குக் கறி இல்லாத நாளின் தட்டு. புரட்டாசி நாலாவது வாரத்தில் கத்தரிக்காய்ப் பொரியலை நம் வீட்டு ஆண்பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்களோ, பக்கத்து மேசைக்காரர் அப்படித்தான் ஷீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த அந்தச் செய்தி என் நாக்குக்கு எட்டவே எட்டாது. எட்ட வேண்டுமென்றால் நான் அங்கே ஒரு ஈஸ்டர் வரைக்குமாவது இருந்திருக்க வேண்டும்.

பயணிகளில் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாட்டு மனிதர் இப்னு பதூதா. 1325இல் மொராக்கோவிலிருந்து ஹஜ் யாத்திரைக்குக் கிளம்பியவருக்கு ஊர் திரும்பவே கால் நூற்றாண்டு பிடித்தது. இன்றைய கர்நாடகக் கரையிலுள்ள ஹொன்னாவரில் சுல்தான் ஜமாலுதீன் கொடுத்த விருந்தை அவர் வர்ணித்திருப்பதைப் படித்தால் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. செம்புத் தாலம் வருகிறது. பட்டுடுத்திய பணிப்பெண் பெரிய கரண்டியால் ஒரு கரண்டிச் சோறு போட்டு மேலே நெய் ஊற்றுகிறாள். பக்கத்தில் ஊறுகாய்களாகக் கொத்து மிளகு, பச்சை இஞ்சி, எலுமிச்சை, மாங்காய். ஒரு கவளம் சோறு, கொஞ்சம் ஊறுகாய். அடுத்த கரண்டிக்குக் கோழி, அதற்கடுத்து மீன், பிறகு நெய்யில் சமைத்த காய்கள், கடைசியில் தயிர். நெய்யில் தொடங்கித் தயிரில் முடிக்கும் இந்த வரிசை நம் இலையில் இன்றைக்கும் மாறவில்லை.

இதுவரை எழுதியது ஒரு நல்ல பயணி. கையோடு அவர் இன்னொன்றும் சொல்கிறார். இந்தச் சுல்தானிடம் பதினொரு மாதம் இருந்தேன், ரொட்டியே கண்ணில் படவில்லை. அப்புறம் மாலத்தீவு, இலங்கை, சோழமண்டலக் கரை, மலபார் என்று மூன்று வருடம் சோறு, சோறு, சோறு. கடைசியில் தண்ணீரைக் குடித்தால்தான் அது தொண்டையில் இறங்கியது என்கிறார். அந்த மூன்று வருடத்தில் மதுரையும் உண்டு. மதுரைச் சுல்தான் அவருக்குச் சகலை முறை. சகலை வீட்டுச் சோறும் தொண்டையில் நின்றிருக்கிறது!

பட்டும் தாலமும் ஊறுகாயும் யார் கண்ணுக்கும் தெரியும். தண்ணீர் ஊற்றி விழுங்கிய அந்தச் சோறுதான் அவரை என் கண்ணில் உயர்த்துகிறது. ஒரு ஊர்ச் சாப்பாட்டின் மேல் சலிப்பு வர வேண்டுமென்றால் அங்கே விருந்தாளி நிலை முடிந்திருக்க வேண்டும். சலித்த பிறகும் எதற்காக அதையே சாப்பிடுகிறார்கள், சலிப்பைப் போக்க ஒரு அப்பளத்தையோ வடகத்தையோ எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எந்தக் குழம்பு இரண்டாம் நாள் கூடுதல் ருசி, எது வைத்த அன்றே தீர வேண்டும் என்பதெல்லாம் அதற்கப்புறம் திறக்கும் கதவுகள். ஒரு ஊர்ச் சமையலில் பெரும்பகுதி அந்தக் கதவுகளுக்கு உள்ளேதான் இருக்கிறது.

எங்கள் தொழிலில் இன்றைக்கும் எல்லோரும் கும்பிடுகிற சாமி ஆண்டனி போர்டெய்ன். 2016 மே மாதம் வியட்நாமின் ஹனோய் நகரில், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, அமெரிக்க அதிபர் ஒபாமாவோடு புன் சா சாப்பிட்டார். சுட்ட பன்றி இறைச்சியை இனிப்பும் புளிப்புமான மீன்சாற்றில் மிதக்கவிட்டு, அரிசி நூடுல்ஸும் பச்சை இலைகளும் வைத்துக் கொடுப்பது. ஹனோய்க்காரர்கள் பெரும்பாலும் மதிய வேளையில் சாப்பிடும் சாதாரணச் சாப்பாடு. இரண்டு பேருக்கும் சேர்த்து பில் ஆறு டாலர். போர்டெய்ன் பெரிய மனிதர், எளிய கடைகளுக்கு மரியாதை தேடிக் கொடுத்தவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு கடைக்காரர்கள் அந்த மேசை, ஸ்டூல், தட்டு, பீர் பாட்டில் எல்லாவற்றையும் அப்படியே கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டார்கள். சுற்றிலும் மற்ற மேசைகளில் வியாபாரம் நடக்கிறது. அந்த ஒரு மேசையில் மட்டும் இனி யாரும் சாப்பிட முடியாது. நாங்கள் எழுதும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் அந்தக் கூண்டைப் போலத்தான் இருக்கின்றன. ஒரு நாள், ஒரு மேசை, அதில் உட்கார்ந்த ஒரு ஆள்.

இவ்வளவு சொன்னதால் ஊர் சுற்றுவது வீண் என்று யாராவது முடிவு கட்டினால் முதல் ஆளாக மறுப்பேன். இருந்த இடத்திலேயே இருப்பவருக்குத் தெரியாத ஒன்று சுற்றுபவருக்குத் தெரியும். பண்டங்கள் வந்த வழி.

பினாங்கில் ஜார்ஜ் டவுனின் நாசி கண்டார் கடைகளில் நின்று பாருங்கள். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவுதடியின் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக் கூலியாட்களுக்கு விற்ற சாப்பாடு. இன்று கடையாக உட்கார்ந்துவிட்டது. கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் சோற்றை அள்ளிப் போட்டு, கேட்ட கறியை வைத்துவிட்டு, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, ஆட்டுக் குழம்பில் ஒரு கரண்டி என்று எல்லாவற்றையும் ஒரே சோற்றின் மேல் ஊற்றுகிறார். சோறு முங்க முங்க ஊற்றுவதற்கு அங்கே தனியாக மவுசு. நம் ஊர் மெஸ்ஸில் மீன் குழம்பின் மேல் கோழிக் குழம்பை ஊற்றினால் சப்ளையருக்கும் சாப்பிடுபவருக்கும் கைகலப்பே வரும். அதே கைப்பக்குவம், அதே மசாலா, கடல் தாண்டியதும் ஒரு கட்டுப்பாடு மட்டும் கழன்று விழுந்திருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்பது அவரவர் நாக்கு. கழன்றது என்று தெரிவதற்கு இரண்டு கரைகளிலும் சாப்பிட்டிருக்க வேண்டும்.

தூத்துக்குடி மக்ரூனும் அப்படித்தான். ஐரோப்பாவில் பாதாமும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும். இங்கே பாதாமுக்குப் பதில் முந்திரி. அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரத்தில் காய்த்தது. இதை லிஸ்பனிலும் தூத்துக்குடியிலும் கடித்தவள் ஒரு கோடு இழுத்துக் காட்டலாம். ஆனால் அடைமழைக் காலத்தில் மக்ரூன் நமுத்துப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேக்கரிக்காரரைத்தான் கேட்க வேண்டும். கோடு இழுக்கிறவள், நமுக்காமல் காப்பவர், இரண்டு பேரும் வேண்டும். பேனரில் மட்டும் ஏனோ எப்போதும் கோடு இழுக்கிறவள் பெயர்.

என் அத்தைக்கு இந்தத் தத்துவமெல்லாம் தேவையில்லை. நான் எங்காவது கிளம்பும் செய்தி கேட்டால் அவரிடமிருந்து ஒரே கேள்விதான். "நீ ஊர் ஊராச் சாப்பிடப் போயிட்டா, வீட்ல யாருடி சமைக்கிறது?" என்னோடு எழுதும் ஆண்கள் யாரையும் எந்த அத்தையும் இப்படிக் கேட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. நானும் கணவரும் மாறி மாறிச் சமைக்கிறோம், அவசரத்துக்குக் கடைமாவு இருக்கிறது என்பது பதில். அத்தை அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. கேள்வி எரிச்சலூட்டும், ஆனால் குறி தப்பாது. யாரோ ஒருவர் தினமும் அடுப்பைப் பற்றவைப்பதால்தான் இன்னொருவர் சுற்றிச் சுற்றிச் சாப்பிட முடிகிறது. அந்த யாரோ பெரும்பாலும் பெண். அவருக்கு யாரும் பேனர் அடிப்பதில்லை.

சொல்லப்போனால், பெண் ஒருத்தி சுற்றிச் சாப்பிடுவதற்கே நம் மெஸ்களில் இன்னும் இடம் சரியாக ஒதுங்கவில்லை. தனியாகப் போனால் உள்ளே ஃபேமிலி ரூமுக்கு அனுப்பிவிடுவார்கள். திரைச்சீலையும் நின்றுபோன மின்விசிறியுமாக ஒரு அறை. அதற்குள் குடும்பமே இல்லாமல் ஒற்றை ஆளாக நான். ரசத்துக்காக சப்ளையர் வரும்வரை காய்ந்த கையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வெளி ஹாலில் யார் எதை இரண்டாம் தடவை கேட்கிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்று பார்க்காமல் ஒரு மெஸ்ஸைப் பற்றி என்னத்தை எழுதுவது?

ஊர் சுற்றாமல் எழுதியவர் ஒருவரைச் சொல்லாமல் இந்தக் கணக்கு நேராகாது. 1951இல் வெளிவந்தது 'சமைத்துப் பார்'. எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்து, குடும்பத்தைத் தாங்கியவர். இதற்கு எவ்வளவு புளி, அதற்கு எவ்வளவு மிளகாய் என்று உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்க, புத்தகமாகவே எழுதிவிடு என்று மாமா தூண்ட, எழுதினார். அவர் அறிமுகத்துக்கு நாடுகளின் பட்டியல் தேவைப்படவில்லை. தினமும் செய்கிறவர் சொல்கிறார் என்பது ஒவ்வொரு அளவிலும் தெரிகிறது. அந்தப் புத்தகம் கல்யாணமாகிப் போன பெண்களின் பெட்டிகளில் டெல்லிக்கும் பம்பாய்க்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. எங்கள் பயணக் கட்டுரைகளில் எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை, போனாலும் அங்கே எண்ணெய்க்கறை படிந்து கிடந்திருக்காது.

ஆகவே இப்போதெல்லாம் யாராவது நாலு வரி கேட்டால், என் பெயர், நான் எழுதும் பத்திரிகை, எங்கள் வீட்டில் வாரத்தில் எந்தெந்த நாள் என் சமையல் என்று எழுதி அனுப்புகிறேன். அமைப்பாளர்களுக்குப் பிடிப்பதில்லை. "மேடம், நாடுகள் பேரு விட்டுப்போச்சே" என்று திருப்பி அனுப்புவார்கள். வேண்டுமானால் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். அச்சடிப்பவர் எழுத்துப்பிழையோடு சேர்த்துவிடுவார்.

கூட்டம் முடிந்ததும் நான்கைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். கட்டாயம் ஒருவர், "மதுரைக்குப் போறோம், எங்க சாப்பிடலாம்?" என்று கேட்பார். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். நாலைந்து நாள் என்றால், தங்குமிடத்துக்குப் பக்கத்திலேயே காலையில் கூட்டமாக இருக்கும் ஒரு சின்ன இட்லிக் கடையைப் பிடித்துக்கொண்டு தினமும் அங்கேயே போகச் சொல்வேன். எந்தக் கிழமை எந்தச் சட்னி கெட்டியாக வருகிறது, எத்தனை மணிக்குப் போனால் இட்லி சூடு, எவர் வந்ததும் கேட்காமலே வடை வைக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குள் பிடிபட்டுவிடும். போட்டோ எடுக்கத் தோன்றாத அளவுக்குப் பழகிவிட்டால் இன்னும் நல்லது. பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டு முகத்தைச் சுளிப்பார்கள். "அவ்வளவு நாள் எங்க மேடம், ஒரு நைட்டுதான். மறுநாள் ராமேஸ்வரம்."

ஒரு ராத்திரிதான் என்றால் பன் புரோட்டா சாப்பிடுங்கள், மேலே ஒரு ஜிகர்தண்டாவும் குடியுங்கள். நன்றாகத்தான் இருக்கும்.